குறுகிய தெருவில் ஒரு குவிமாட வீடு

மட்டாஞ்சேரியில் வீடு கட்ட முனைவோர் மூன்று இடர்களை எதிர்கொள்கின்றனர். தெரு குறுகியது, மண் இளகியது, மழைக்காலம் நீண்டது. முன்கூட்டியே வார்க்கப்பட்ட பேனல்களை மனைக்குக் கொணர்ந்து பொருத்தும் முறை இவற்றுக்கு எவ்வளவு தூரம் விடை தரும் என்பதையும், அத்தகைய வீட்டுக்குக் கடன் கோருமுன் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே விளக்குகிறோம்.

பேனல் வீடு கொச்சிக்குப் புதிதன்று. உரத் தொழிலில் மிஞ்சும் ஜிப்சத்துடன் கண்ணாடி இழை சேர்த்துப் பேனல் வார்ப்பதற்காக, ஃபாக்ட், ஆர்.சி.எஃப். ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து அம்பலமேட்டில் தொழிற்சாலை அமைத்தன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013ஆம் ஆண்டு இவ்வகைப் பேனல்களைக் கொண்டு, நான்கு குடியிருப்புகள் அடங்கிய இரு தளக் கட்டடம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுப்பப்பட்டது. ஒரு முழுப் பேனலின் நீளம் 12 மீட்டர். உயரம் 3 மீட்டர். அதனைத் தேவைக்கேற்ப வெட்டி அனுப்பினாலும், இறக்கி நிறுத்தக் கிரேன் வேண்டும். ஆட்டோ திரும்பவே இடமில்லாத சந்துக்குள் கிரேன் எவ்வாறு நுழையும்?

இங்குதான் குவிமாடம் பயன்படுகிறது. அதனைச் சிறு சிறு முக்கோணப் பேனல்களாகப் பிரித்து வார்க்கலாம். கம்பி வலையின்மேல் சிமெண்ட் சாந்து பூசி உருவாக்கும் ஃபெரோசிமெண்ட் இதற்கு ஏற்றது. 7 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளத்திற்கு ஏறத்தாழ 100 முக்கோணங்கள் போதும். 25 மில்லிமீட்டர் கனத்தில் வார்த்தால் ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ இருக்கும். இருவர் தூக்கிச் செல்லலாம். செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும்விட மொத்த எடை பன்மடங்கு குறைவாதலால், இளகிய மண்ணில் அடித்தளச் சுமையும் குறைகிறது.

சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இந்த அரைக்கோளத்தின் தரைப்பரப்பு 38.5 சதுர மீட்டர். மூடும் பரப்பு 77 சதுர மீட்டர். அதே தரைப்பரப்பில் 3 மீட்டர் உயரச் சதுர வீடு கட்டினால், சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 113 சதுர மீட்டர் ஆகும். ஆனால் குவிமாடத்தின் ஓரங்களில் நிமிர்ந்து நிற்க இயலாது; 1.8 மீட்டர் உயரம் கிடைக்கும் பகுதி 28 சதுர மீட்டரே. அடியில் ஒரு மீட்டர் வட்டச் சுவர் எழுப்பி அதன்மேல் குவிமாடத்தை அமர்த்தினால், அப்பகுதி 36 சதுர மீட்டராக உயரும். அப்போதும் மூடும் பரப்பு 99 சதுர மீட்டரைத் தாண்டாது.

வளைந்த வடிவம் காற்றின் விசையையும் தன் எடையையும் எங்கும் பகிர்ந்தளிக்கிறது. எனினும் அதன் அடிப்பகுதி வெளிநோக்கி விரிய முயலும். அதனைத் தடுக்கக் கம்பி கட்டிய கான்கிரீட் வளையம் இன்றியமையாதது. வட்டச் சுவரின் உச்சியில் இவ்வளையம் இல்லாத வரைபடத்தை ஏற்க வேண்டாம்.

மற்றொரு பலவீனம் இணைப்புகள். பேனல்கள் நூறு எனில் இணைப்புகள் அதனினும் மிகுதி. ஒவ்வொன்றும் மழைநீர் கசியக்கூடிய இடம். கம்பிகளைப் பிணைத்து, இணைப்புகளைச் சாந்தால் நிரப்பி, வெளிப்புறம் முழுவதும் நீர்க்காப்புப் பூச்சு இட வேண்டும். உப்புக் காற்று வலையைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், துத்தநாகம் பூசிய வலையே நன்று. இச்செலவைத் தவிர்த்துக் கணக்கிட்ட மதிப்பீடு மெய்யான மதிப்பீடு ஆகாது. குவிமாடத்தின்மேல் பின்னாளில் மாடி எழுப்ப இயலாது என்பதையும் வளரும் குடும்பத்தினர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அனுமதியே முதற்படி. மட்டாஞ்சேரி அரண்மனை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை. காயலோர மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் பொருந்தும்.

அடுத்தது கடன். 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. வழக்கமாகக் கட்டுமானம் வளர வளரத் தவணைகளாகப் பணம் விடுவிக்கப்படும். பேனல் வீட்டிலோ, மனையில் எதுவும் எழும்புமுன்னரே வார்ப்புச் செலவு வந்துவிடும். இவ்விடைவெளியை முன்கூட்டியே பேசித் தீர்க்காவிடில், பாதியில் கைப்பணம் தீர்ந்து வேலை நிற்கக்கூடும். ஆகவே பேனல் தயாரிப்பாளருக்கு முன்பணம் அளிப்பதற்கு முன்பாக, மாநகராட்சி அனுமதி, கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம், விரிவான மதிப்பீடு ஆகிய மூன்றுடன் கிளை மேலாளரைச் சந்திக்குமாறு வேண்டுகிறோம்.