999 வருஷக் குத்தகை!
மதுரைச் சீமைக்குத் தண்ணீர் தந்த பத்திரத்தின் கதை

மேலூர்ப் பக்கத்து விவசாயி வாய்க்கால் கரையில் நின்று மேற்கே பார்க்கிறார். தண்ணீர் வந்தால் நாற்று நடலாம். வராவிட்டால் நிலம் தரிசுதான்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? "வைகையிலிருந்து" என்பார்கள். ஆனால் அது முழுவதும் வைகைத் தண்ணீர் அல்ல. மலைக்கு அப்பால், மேற்குக் கடலை நோக்கி ஓடும் பெரியாற்றின் தண்ணீரும் அதில் கலந்திருக்கிறது.

பக்கத்து ராஜ்யத்துத் தண்ணீர் மதுரைக்கு வந்தது எப்படி? அணையால் மட்டும் அல்ல. ஒரு பத்திரத்தாலும்தான்!

ஏக்கருக்கு 5 ரூபாய்

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பவேண்டும் என்ற பழைய யோசனைக்கு அதன் பிறகு வேகம் பிறந்தது.

ஆனால் ஆறு ஓடிய காடு திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தம். எனவே 1886 அக்டோபர் 29-ந் தேதி ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. ஒரு பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். மறு பக்கம் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார்.

சுமார் 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். ஆகமொத்தம் 40,000 ரூபாய் வாடகை. காலம் 999 வருஷம்! 1886 ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். 2884-ம் ஆண்டு முடியும்வரை செல்லும். அதன் பிறகும், குத்தகைதாரர் விரும்பினால் இன்னொரு 999 வருஷத்துக்கு நீட்டிக்கலாம் என்றும் எழுதினார்கள்.

பென்னிகுயிக் என்ற என்ஜினீயர் அணையைக் கட்டினார். 1895-ல் வேலை முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கியது. அங்கிருந்து வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு கால்வாய் வழியாக வாடிப்பட்டி, மேலூர் வயல்களுக்குப் பாய்ந்தது.

சண்டை வந்தால்?

பத்திரம் எழுதியவர்கள் விவரமானவர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதி வைத்தார்கள்.

ஆளுக்கு ஒரு மத்தியஸ்தர். விசாரணை தொடங்குமுன்பே அந்த இருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மத்தியஸ்தர்கள் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் சொல்வதே முடிவு. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான்!

பெரிய நாடுகளும் இப்படி உடன்படிக்கை செய்திருக்கின்றன. 1908-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் மத்தியஸ்த ஒப்பந்தம் செய்தன. அதற்கு ஆயுள் 5 ஆண்டுதான். 1913-ல் மேலும் 5 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். பெரியாற்றுப் பத்திரத்தின் ஆயுளோ 999!

தோற்றது சென்னை

அந்த மத்தியஸ்தத்துக்கு வேலையும் வந்தது. மலையிலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்றது சென்னை சர்க்கார். "பாசனத்துக்குத்தானே தண்ணீர் கொடுத்தோம்" என்றது திருவிதாங்கூர்.

மத்தியஸ்தர்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் வழக்கு போயிற்று. 1941 மே மாதம் அவர் தீர்ப்புச் சொன்னார். தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே; மின்சாரம் எடுக்கச் சென்னைக்கு உரிமை இல்லை!

சென்னை தோற்றது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கவில்லை. மத்தியஸ்தத்தின் பெருமை அதுதான். வழக்கு ஒரு பக்கம் நடந்தது. நாற்று ஒரு பக்கம் வளர்ந்தது.

பேசித் தீர்த்த கதை

நாடு விடுதலை அடைந்தது. ராஜாக்களின் ஆட்சி போயிற்று. பத்திரம் மட்டும் இருந்தது.

1958-ல் லோயர் கேம்ப்பில் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1970 மே 29-ந் தேதி கேரளமும் தமிழ்நாடும் புது ஒப்பந்தம் செய்தன. அது 1954 நவம்பர் 13-லிருந்தே செல்லும் என்றார்கள். மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு. அதற்குத் தனிக் கட்டணமும் மீன் பிடிக்கும் உரிமையும் கேரளத்துக்கு. 84 ஆண்டுகளாக 5 ரூபாயாக இருந்த வாடகை 30 ரூபாய் ஆயிற்று. 30 ஆண்டுக்கு ஒரு முறை வாடகையை மாற்றலாம் என்றும் முடிவாயிற்று.

மத்தியஸ்தரிடம் தோற்றதை, கொடுத்து வாங்கிப் பேசித் தமிழ்நாடு பெற்றுக்கொண்டது!

கோர்ட்டு சொன்னது என்ன?

பின்னர் வேறு கவலை எழுந்தது. அணை பழையது, உடைந்தால் கீழே இருப்பவர்கள் கதி என்ன என்று இடுக்கி மக்கள் அஞ்சினார்கள். 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது.

2014 மே 7-ந் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1886-ம் ஆண்டுப் பத்திரம் அரசியல் உடன்படிக்கை அல்ல, சாதாரணக் குத்தகைதான், ஆகையால் அது செல்லும் என்றார்கள். கேரளத்தின் சட்டத்தைத் தள்ளினார்கள். அணையைக் கண்காணிக்க மூன்று பேர் கமிட்டியும் அமைத்தார்கள். அதில் இரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு இடம் இருந்தது.

மலைக்கு மேற்கே உயிர்ப் பயம். மலைக்குக் கிழக்கே பயிர்ப் பயம். இரண்டும் நியாயமான பயம்தான்.

2884 வரை பத்திரம் இருக்கிறது. அதுவரை இரு பக்கத்தாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் மனம் இருக்கவேண்டும். அது இருந்தால், மேலூர் வாய்க்காலிலும் தண்ணீர் வரும். இடுக்கி வீடுகளிலும் தூக்கம் வரும்.