சின்னக் கார் எப்படி உயர்ந்தது?



கார் மாற்றும் நேரம் வந்தால் எங்கள் வீடுகளில் இப்போது முதலில் எழும் கேள்வி, "கொஞ்சம் உயரமானதாய் எடுப்பமா?" என்பதுதான். சிறிய எஸ்.யூ.வி. என்று விற்கப்படுபவற்றில் பல யப்பானியக் கார்கள். பெரிய ஜீப்பைச் சுருக்கிச் செய்தவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை அப்படிப் பிறக்கவில்லை.

போரில் நொந்துபோயிருந்த யப்பானில் 1949ஆம் ஆண்டு "கெய்" என்ற வாகனப் பிரிவை அரசு ஏற்படுத்தியது. இலகுவானது என்று பொருள். அந்த அளவுக்குள் அடங்கும் வாகனத்துக்குச் சலுகைகள் கிடைத்தன. 1950களின் நடுப்பகுதியில் நீளம் 3 மீற்றர், அகலம் 1.3 மீற்றர், இஞ்சின் 360 சி.சி. என்பதே எல்லை. இன்று அதைவிடப் பெரிய இஞ்சின் பல மோட்டார் சைக்கிள்களில் இருக்கிறது! 1955இல் சுசுகியின் சுசுலைட் வந்தது. 1958இல் வந்த சுபாரு 360 காரில் நாலு பேர் இருக்கலாம். அதன் உருண்டை வடிவத்தைப் பார்த்து யப்பானியர் "பொறிவண்டு" என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஜிம்னியின் கதை. ஹோப் என்ற சிறிய கொம்பனி ஒன்று நாலு சில்லும் இழுக்கும் குட்டி வாகனம் ஒன்றைச் செய்தது. சுசுகி அந்த உரிமையை வாங்கித் திருத்தி, 1970இல் ஜிம்னி என்று வெளியிட்டது. மேலதிகச் சில்லைப் பின்னுக்குத் தொங்கவிட்டால் நீளம் 3 மீற்றரைத் தாண்டிவிடும். ஆகவே அதை உள்ளே வைத்தார்கள். வண்டியில் மூன்று பேருக்குத்தான் இடம். சட்டத்தின் ஒரு வரி ஒரு இருக்கையை விழுங்கிவிட்டது. ஆனாலும் ஜிம்னி உண்மையான ஜீப் இனம்தான்: அடியில் ஏணிபோன்ற இரும்புச் சட்டம், அதன்மேல் உடல்.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது ஹொண்டா சிவிக் போன்ற சிறிய கார்களை அமெரிக்கர்களும் தேடி வாங்கினார்கள். 1988இல் வந்த சுசுகி விற்றாராவுக்கு இரும்புச் சட்டம் இருந்தது. ஓட்டம் நகரத்துக்கு ஏற்றதாக இருந்தது. பெரிய மாற்றம் 1994இல் ரொயோட்டா ராவ்4 உடன் வந்தது. அதில் ஏணிச் சட்டம் இல்லை. சாதாரணக் காரைப் போன்ற உடல், கொரொல்லா முதலிய கார்களின் பாகங்கள். அடுத்த ஆண்டு ஹொண்டா, சிவிக்கை அடிப்படையாக வைத்து சீ.ஆர்.வி. காரைக் கொண்டுவந்தது. வழமையில் முன்சில்லுகள்தான் இழுக்கும். அவை வழுக்கினால் பின்சில்லுகளும் சேரும்.

ஆகவே இன்று நாங்கள் பார்க்கும் சிறிய எஸ்.யூ.வி.களிற் பெரும்பாலானவை உயர்த்திய கார்கள். முழங்கால் நோவுள்ள அம்மா அப்பாவுக்கு ஏறி இறங்க அந்த உயரம் பெரிய உதவி. அதற்காக வாங்குவது நியாயமே. ஆனால் அதே அளவுக் காரைவிடப் பாரமும் காற்றுத் தடையும் கூட என்பதால் எரிபொருளும் கூடச் செல்லும்.

பனிக்காக வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கேளுங்கள்: நாலு சில்லும் இழுக்குமா, முன்சில்லு மட்டுமா? ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்கிறார்கள். நாலு சில்லும் இழுத்தால் பனியில் புறப்படுவது சுலபம். பிரேக் பிடிக்கும்போது அது உதவாது; அங்கே ரயர்தான் பிடிக்கவேண்டும். கையில் உள்ள காசு ஒன்றுக்குத்தான் போதுமென்றால் முதலில் நல்ல பனிக்கால ரயர் நாலையும் வாங்குங்கள்.