ஆயுட்காலச் சலுகை

வாக்குறுதி அளிப்பதில் வியாபாரிகள் தாராளமானவர்கள் என்பது உலகறிந்த விஷயம். ஆனால் 2022-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி, அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற செய்தித் தொலைக்காட்சியான சி.என்.என். தன் புதிய இணையச் சேவையைத் திறந்தபோது அளித்த வாக்குறுதியைப் போல, அவ்வளவு சீக்கிரத்தில் விதியின் பரிகாசத்துக்கு ஆளான வாக்குறுதி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. ‘சி.என்.என். பிளஸ்’ என்ற அந்தச் சேவைக்கு மாதச் சந்தா 5.99 டாலர், முதல் நான்கு வாரங்களுக்குள் சேர்ந்து, இடையில் விட்டுவிடாமல் தொடர்கிறவர்களுக்கு மட்டும் ஆயுள் முழுவதும் பாதி விலை. சந்தாதாரரின் ஆயுளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது. சேவையின் ஆயுளைப் பற்றி எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சலுகைக்கு விதித்த நான்கு வாரக் கெடு தீருமுன்பே, ஏப்ரல் 21-ஆம் தேதி, கடையை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. கட்டிய பணத்தில் மிச்ச நாட்களுக்குரியதைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். 28-ஆம் தேதி திரை இருண்டது.

இவ்வளவு விரைவில் முடிந்துபோன ஒரு முயற்சியைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் வழங்கிவருகின்றன. ஜனங்கள் அதை விரும்பவில்லை, ஆகையால் விழுந்தது என்பது ஒன்று. புதிதாக வந்த முதலாளி அதைத் தீர்த்துக் கட்டினார் என்பது மற்றொன்று. முதலாவதை ஒப்புக்கொள்வது கடினம். ஏனெனில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினாலும், நான்கே இதழ்களை வைத்துக்கொண்டு அதன் ஜாதகத்தைக் கணித்துவிட எந்த அனுபவசாலியும் துணிய மாட்டான். இரண்டாவது உண்மைதான், ஆயினும் முழு உண்மையன்று. முதலாளி மாறாமலே இருந்திருந்தால் அந்தச் சேவை தழைத்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கும்போது, அது பிறக்கும்போதே உடன் கொண்டுவந்த ஒரு குறை கண்ணுக்குப் புலனாகிறது. சி.என்.என். வசமிருந்த சரக்குகளிலெல்லாம் எது தலையாயதோ, எதைத் தேடி ஜனங்கள் நாற்பது ஆண்டுகளாக அதன் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்களோ, அதை விற்கும் உரிமை அந்தச் சேவைக்கு இல்லை.

இந்த விநோதம் எப்படி நேர்ந்தது என்பது விளங்க வேண்டுமானால், அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியின் வரவு செலவைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். டெட் டர்னர் 1980 ஜூன் 1-ஆம் தேதி அட்லாண்டா நகரில் சி.என்.என். நிலையத்தைத் தொடங்கியபோது, இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் செய்தியையே ஒளிபரப்பிக்கொண்டு ஒரு நிலையம் பிழைக்க முடியுமா என்று நகைத்தவர்கள் பலர். 1991-இல் வளைகுடா யுத்தம் மூண்ட இரவில், பாக்தாத் நகரத்து ஹோட்டல் அறையொன்றிலிருந்து அதன் நிருபர்கள், வெளியே குண்டுகள் வெடிக்க வெடிக்க, நடப்பதை நேரடியாக உலகுக்கு எடுத்துச் சொன்னபோது அந்த நகைப்பு அடங்கிற்று. எனினும் அந்நிலையத்தை வாழவைத்தது புகழ் மட்டுமன்று. விளம்பர வருமானம் ஒருபுறமிருக்க, கேபிள் கம்பெனிகள் தம் சந்தாதாரர் ஒவ்வொருவர் பேரிலும் மாதந்தோறும் ஒரு தொகையை அதற்கு அளந்து வந்தன. வீட்டுக்காரர் அந்தச் சானலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், விளையாட்டும் சினிமாவுமே தமக்குப் போதுமென்று இருந்தாலும், அவர் கட்டும் மொத்தக் கட்டணத்திலிருந்து சி.என்.என். நிலையத்தின் பங்கு தவறாமல் போய்ச் சேர்ந்தது. கோடிக்கணக்கான வீடுகளிலிருந்து சில்லறையாகத் திரண்ட இந்த வருமானம், மழை பொய்த்தாலும் வற்றாத கிணறு போலிருந்தது.

காலக்கிரமத்தில் அந்தக் கிணற்றிலும் நீர் மட்டம் இறங்கலாயிற்று. நெட்ஃபிளிக்ஸ் முதலான இணையச் சேவைகள் வந்த பிறகு, கேபிள் இணைப்பைத் துண்டித்துவிடும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. இளந்தலைமுறையினர் பலர் அதை வாங்குவதே இல்லை. இணையத்துக்குப் போயாக வேண்டும் என்ற தீர்மானத்துக்கு சி.என்.என். நிர்வாகிகள் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அங்கே எதை எடுத்துக்கொண்டு போவது? கேபிள் கம்பெனிகள் மாதாமாதம் பணம் அளப்பதே, அந்த நேரலை ஒளிபரப்பு தம்மிடம் மட்டுமே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதையே ஆறு டாலருக்குக் கண்டவர்க்கெல்லாம் விற்கத் தொடங்கினால், கம்பெனிகள் ஏன் பணம் தர வேண்டும்? ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை. இடம் தந்திருந்தாலும், இருக்கிற கிணற்றைத் தூர்த்துவிட்டுப் புதுக் கிணறு தோண்டத் துணிவு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இதன் விளைவைச் சந்தாதாரர் ஒருவரின் கைபேசியில் வைத்துப் பார்ப்போம். 2022 ஏப்ரல் மாதம், ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்து இரண்டு மாதம் நிறையவில்லை, சி.என்.என். நிருபர்கள் போர்க்களத்துக்கு அருகிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர் செயலியைத் திறந்து, அந்த வழக்கமான நேரலையைத் தொடுகிறார். ‘உங்கள் கேபிள் கம்பெனி எது? அந்தக் கணக்கின் கடவுச்சொல் என்ன?’ என்று திரை கேட்கிறது. பிளஸ் சேவைக்குச் சந்தா கட்டிய ரசீது அந்த வாசலில் செல்லுபடியாகாது. கேபிள் வைத்திருப்பவருக்கோ நேரலை முன்பே கிடைத்துக்கொண்டிருக்கிறது; ஆதலால் புதுச் சந்தாவுக்கு அவசியமில்லை. கேபிளைத் துண்டித்துவிட்டவருக்கு எது அவசியமோ, அது புதுச் சந்தாவில் அடங்கவில்லை. அப்படியானால் இந்தச் சேவை யாருக்காக என்ற கேள்விக்கு, சி.என்.என். நிலையத்தின் மேல் அளவிறந்த அபிமானம் கொண்டவர்களுக்காக என்பதைத் தவிர வேறு விடை சொல்வது எளிதன்று.

நேரலை இல்லாத குறையை நிரப்ப நிர்வாகம் பணத்தை வாரி இறைத்தது. ஃபாக்ஸ் நியூஸ் நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் புகழோடு பணியாற்றிய கிறிஸ் வாலஸ் அழைத்துவரப்பட்டார். தேசியப் பொது வானொலியிலிருந்து ஆடி கார்னிஷும், என்.பி.சி.யிலிருந்து கேஸி ஹன்ட்டும் வந்தார்கள். ஆண்டர்சன் கூப்பர் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசினார். ஜேக் டாப்பர் நூலாசிரியர்களோடு உரையாடினார். சமையல் நிகழ்ச்சிக்கு அலிசன் ரோமன் ஒப்பந்தமானார். சந்தாதாரர்களே விருந்தினரிடம் கேள்வி கேட்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. நாள்தோறும் நேரடிச் செய்தி நிகழ்ச்சிகள் சிலவும் இதற்கென்றே தனியாகத் தயாராயின என்பதை நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும். தனித்தனியே எடுத்துக்கொண்டால் இவற்றில் எதையும் மட்டமென்று தள்ள முடியாது. தலைவாழை இலையில் கூட்டும் பொரியலும் பச்சடியும் அப்பளமும் வரிசையாக வந்து விழுந்தும், சோறு மட்டும் வராத பந்தியில் உட்கார்ந்திருப்பவன், பொரியலின் பக்குவத்தை எவ்வளவு நேரம் புகழ்ந்துகொண்டிருப்பான்?

இந்த இடத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையை நினைக்காமலிருக்க முடியாது, சி.என்.என். நிர்வாகிகளும் அதைத்தான் முன்மாதிரியாக நினைத்தார்கள். அந்தப் பத்திரிகை 2011-இல் இணைய வாசகரிடம் சந்தா கேட்கத் தொடங்கியபோது எதை விற்றது? காகிதத்தில் அச்சிட்ட அதே செய்தியை, அதே தலையங்கத்தைத்தான் விற்றது. செய்திக்காக வந்து சேர்ந்தவர்களுக்குப் பின்னால் சமையல் குறிப்பும் குறுக்கெழுத்தும் வந்தன; 2022 ஜனவரியில் வேர்டில் என்ற சொல் விளையாட்டையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே ஒரு கோடிச் சந்தாக்களை எட்டிவிட்டதாக அப்பத்திரிகை அறிவித்தது. அந்தப் பந்தியின் செழிப்பைக் கண்ட சி.என்.என்., தொடுகறிகளின் பட்டியலைச் சிரத்தையோடு படியெடுத்துக்கொண்டது. முதலில் பரிமாறியது சோறு என்பதை மட்டும் படியெடுக்க அதற்குச் சுதந்திரம் இருக்கவில்லை.

இனி முதலாளி மாறிய விருத்தாந்தத்துக்கு வருவோம். சி.என்.என். நிலையத்தை உள்ளடக்கிய டைம் வார்னர் ஸ்தாபனத்தை 2018-இல் விலைக்கு வாங்கிய ஏ.டி.அண்டு.டி. என்ற தொலைபேசிக் கம்பெனி, மூன்றே ஆண்டுகளில் மனம் மாறி, அதைப் பிரித்து டிஸ்கவரி ஸ்தாபனத்தோடு இணைத்துவிடப் போவதாக 2021 மே மாதம் அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், பழைய நிர்வாகம் பிளஸ் சேவையைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. இணைப்பு சட்டப்படி பூர்த்தியாகும் வரையில், வாங்குகிற தரப்பு மற்றத் தரப்பின் நடைமுறைக் காரியங்களில் உத்தரவு போடுவதற்கு அமெரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே நாளைக்கு வீட்டுக்குச் சொந்தக்காரராகப் போகிறவர் வாசலில் கை கட்டி நிற்க, இன்றைய சொந்தக்காரர் உள்ளே புதிய மாடி கட்டிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் முயற்சியின் மூலபுருஷரான ஜெஃப் ஜுக்கர், உடன் பணிபுரிந்த ஒருவரோடு தமக்கிருந்த உறவை உரிய காலத்தில் தெரிவிக்காத காரணத்தால், 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி பதவியை விட்டு விலகினார். ஆதரித்தவர் போன பின்னும் வேலை நிற்கவில்லை. மார்ச் 29-ஆம் தேதி சேவை தொடங்கிற்று; பத்தே நாளில், ஏப்ரல் 8-ஆம் தேதி, இணைப்பு முடிந்து வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்ற புதிய ஸ்தாபனம் டேவிட் ஸஸ்லாவ் தலைமையில் பிறந்தது. தொடக்க விழாவைப் பத்து நாள் தள்ளிப்போட்டுப் புது முதலாளியின் உத்தேசத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஏன் எழவில்லை என்பது இன்றளவும் விவாதத்துக்குரியது. கட்டி முடித்த மாடியை யாரும் இடிக்க மாட்டார்கள் என்று பழைய நிர்வாகம் நம்பியிருக்கலாம்.

புது முதலாளிக்கோ வேறு கவலைகள் இருந்தன. ஸ்தாபனத்தின் தலைமேல் ஏறத்தாழ 5,500 கோடி டாலர் கடன். செலவில் 300 கோடி டாலரை மிச்சப்படுத்திக் காட்டுவதாகப் பங்குதாரருக்குக் கொடுத்திருந்த வாக்கு. துண்டு துண்டாகப் பல சேவைகளை நடத்தாமல், சினிமா, தொடர், ஆவணப்படம் எல்லாவற்றையும் ஒரே பெரிய சேவையாக ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற கொள்கை. பிளஸ் சேவைக்கு அதற்குள் சுமார் 30 கோடி டாலர் செலவாகியிருந்ததென்றும், நான்கு ஆண்டுகளில் அது 100 கோடியை எட்டும் திட்டமென்றும் பத்திரிகைகள் எழுதின. முதலாண்டில் 20 லட்சம் சந்தாதாரர் சேருவார்கள் என்பது எதிர்பார்ப்பு; சேர்ந்தவர்களோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டவில்லை. அவர்களிலும் நாளொன்றுக்கு வந்து பார்த்தவர்கள் பத்தாயிரம் பேருக்கும் குறைவு என்ற செய்தி ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிவந்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி, இணையச் சேவைகளுக்கெல்லாம் தலைப்பிள்ளையான நெட்ஃபிளிக்ஸே ஒரு காலாண்டில் 2 லட்சம் சந்தாதாரரை இழந்துவிட்டதாக அறிவிக்க, மறுநாள் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அதற்கும் மறுநாள் பிளஸ் சேவையின் முடிவு தெரிந்துவிட்டது.

அன்றைக்கு சி.என்.என். திரையில் ஓர் அபூர்வக் காட்சி: ஊடக உலகத்துச் செய்திகளைச் சொல்லும் அந்நிலையத்தின் சொந்த நிருபரே, தம் நிலையத்தின் சேவை மூடப்படும் செய்தியை நேயர்களுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய தினசரி நிகழ்ச்சியொன்றும் அதே சேவையில்தான் நடந்துவந்தது. ஜனங்கள் எளிமையை விரும்புகிறார்கள், எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதையே நாடுகிறார்கள் என்று நிர்வாகம் காரணம் கூறிற்று. பெரிய பதவிகளை விட்டுப் புதிய முயற்சியை நம்பி வந்த நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு, தங்கள் எதிர்காலத்தைக் காட்டிலும் எளிமையானதாக அந்தக் காரணம் பட்டிருக்கக்கூடும். சேவையின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ மோர்ஸ் விலகினார். வாலஸ் போன்ற சிலருக்கு நிலையத்திலேயே வேறு இடம் கிடைத்தது.

பிற்பாடு நடந்தவை நம் கேள்விக்கு நல்ல உரை எழுதுகின்றன. பதினேழு மாதங்கள் கழிந்து, 2023 செப்டம்பர் 27-ஆம் தேதி, அதே ஸ்தாபனத்தின் பெரிய சேவையான ‘மேக்ஸ்’ வழியாக சி.என்.என். மீண்டும் இணையத்துக்கு வந்தபோது, வழக்கமான நேரலை நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அதில் இடம்பெற்றன. இலையில் சோறு விழுந்தது. ஆனால் பந்தி மற்றொருவர் வீட்டில் நடந்தது, அதற்கென்று தனி விலையும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பேற்ற மார்க் தாம்ஸன், நியூயார்க் டைம்ஸ் சந்தா வியாபாரம் வளர்ந்த ஆண்டுகளில் அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 2024 அக்டோபரில் சி.என்.என். வலைத்தளத்தின் செய்திகளைப் படிக்கவே சந்தா கேட்கத் தொடங்கினார்கள். 2025 அக்டோபரில் மறுபடியும் ஓர் ஒளிபரப்புச் சேவை வந்தது. சந்தா 6.99 டாலர், மூன்றரை ஆண்டுகளுக்கு முன் கேட்டதைவிட ஒரு டாலர் அதிகம். இம்முறை கேபிள் வைத்திருப்பவர்கள் அந்தக் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் கட்டாமல் உள்ளே வரலாம். 2022-இல் வந்தவரைத் தடுத்து நிறுத்திய அதே கேள்வியைத்தான் திரை இப்போதும் கேட்கிறது. கேட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறது.