எல்லையில் நிற்கும் அப்பீல்

ஏர்பேட்டில் பதிவாகும் குற்ற வழக்குக்கு உயர் நீதிமன்ற அப்பீல் எங்கே? ஒரு காலத்தில் சென்னை. சித்தூர் மாவட்டம் 1953-ல் ஆந்திரத்தோடு போன பிறகும், அடுத்த ஆண்டு ஜூலையில் குண்டூரில் தனி உயர் நீதிமன்றம் வரும்வரை சென்னைதான். பிறகு 1956-ல் ஹைதராபாத், 2019-ல் அமராவதி. ஏர்பேடு இருந்த இடத்திலேயே இருக்கிறது (மாவட்டம் மட்டும் 2022-ல் திருப்பதி ஆனது). ஊர் ஊராகப் போனது கோர்ட்தான்.

இந்த எல்லைக்கோட்டின் கனம் ஜவ்வாது மலைக்காரர்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, தமிழகத் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. குடும்பத்தினர் முதலில் தட்டியது சென்னை உயர் நீதிமன்றக் கதவை. உடல்களைப் பாதுகாக்க உத்தரவு கிடைத்தது. மறு பிரேதப் பரிசோதனை கேட்க ஹைதராபாத் போக வேண்டியிருந்தது.

அதற்கு முன், 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள் கைதானார்கள். கடைசியில் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இப்படி ஒரு விடுதலையை மேல் கோர்ட் புரட்டிப் போட முடியுமா?

முடியும், ஆனால் லேசில் அல்ல. அரசு அப்பீல் செய்ய உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் சாட்சியங்கள் முழுவதையும் மீண்டும் எடைபோடலாம் என்று 1934-லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஆனால் சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தால், விடுதலையில் கை வைப்பதில்லை. அப்பீல் இல்லாமல் சீராய்வு மனு மட்டும் என்றால் கட்டு இன்னும் இறுக்கம்: விடுதலையைத் தண்டனையாக மாற்றவே கூடாது. ஆந்திரத்திலிருந்து போன ஒரு திருட்டு வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பு இது. ஏற்க வேண்டிய சாட்சியத்தைக் கீழ்க் கோர்ட் தவறாக ஒதுக்கியிருந்தால், மறுபடி விசாரிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். அறுபது ஆண்டுகள் கழித்து, 2022-ல், ஒரு தமிழக வழக்கில் இதே பாடத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் நினைவூட்ட வேண்டி வந்தது.

ஏழைகளைக் கடிக்கும் வரம்பு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் தண்டனை வாங்கியவர், தண்டனையின் அளவையோ அதன் சட்டத் தகுதியையோ பற்றி மட்டுமே அப்பீலில் பேசலாம். செய்தேனா இல்லையா என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தெலுங்கு தெரியாத மலைக்காரர் கூண்டில் நின்று தலையாட்டினால் என்ன இழக்கிறார் என்பதை யார் அவருக்குத் தமிழில் சொல்வது? புரியாத மொழியில் சொல்லப்படும் சாட்சியத்தைப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான். காகிதத்தில் அது பத்திரமாக இருக்கிறது.

சிறையில் இருப்பவர் அப்பீலுக்காக அமராவதிக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் போதும், கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. கெடு, உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் (மரண தண்டனை என்றால் 30), செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள்.