ஒட்ட மறுக்கும் மரம்!

வில்லாளி நாணை இழுக்கிறார். நாண் தாடைவரை வந்துவிட்டது. அம்பு பாய வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் "படார்" என்று ஒரு சத்தம்!

ஒட்டியிருந்த இரண்டு பட்டைகள் பிரிந்து, வில் சிதறிவிட்டது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழ். தெறிக்கும் சிம்பு முகத்தில் பட்டால் கண்ணே போகலாம்.

இதற்குக் காரணம் என்ன? கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்தான்!

வில் மரம்

தென் அமெரிக்காவில் "இப்பே" என்று ஒரு மரம் இருக்கிறது. பிரேசில் நாட்டில் இதற்கு இன்னொரு பெயர் "பாவ் தார்க்கோ". போர்த்துகீசிய மொழியில் "வில் மரம்" என்று பொருள். அங்குள்ள காட்டு மக்கள் இந்த மரத்தில் வில் செய்தார்கள். அதனால் வந்த பெயர் இது.

இப்பே மரம் மிகவும் கடினமானது. ஒரு கன அடி மரம் சுமார் 30 கிலோ இருக்கும். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும்!

அமெரிக்காவில் வீட்டுத் திண்ணைக்கும் கடற்கரை நடைபாதைக்கும் இந்தப் பலகையைப் போடுகிறார்கள். மிஞ்சிய துண்டுகளை வில் செய்கிறவர்கள் வாங்கிப் போவது உண்டு.

முதுகும் வயிறும்

வில்லுக்கு முதுகும் உண்டு, வயிறும் உண்டு. எய்கிறவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. மறுபக்கம் முதுகு. வில் வளையும்போது வயிறு நசுங்கும். முதுகு இழுபடும்.

நசுங்குவதை இப்பே நன்றாகத் தாங்கும். இழுபடுவதைத் தாங்க, முதுகில் மூங்கில் பட்டையோ ஹிக்கரி மரப் பட்டையோ ஒட்டுகிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் அல்லவா? வில்லில் உள்ள பட்டைகளும் அப்படியே வழுக்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது பசை ஒன்றுதான். 50 பவுண்டு வில்லில், ஒவ்வோர் அம்புக்கும் பசைக்கு இந்தச் சோதனை உண்டு.

எண்ணெய் செய்யும் வேலை

பசை மரத்தில் பரவ வேண்டும். நுண்ணிய துளைகளில் இறங்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கும். இப்பேயில் உள்ள எண்ணெய்ப் பசையான பொருள்கள் இதைத் தடுக்கின்றன. நம் தச்சர்கள் அறிந்த தேக்கிலும் இந்தத் தொல்லை உண்டு.

இன்று சீவிய மரம் நாளையும் அப்படியே இருக்காது. உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல மெல்ல மேலே வரும். வாரக் கணக்கில் கிடந்த பலகையில் ஒட்டினால், பசை மரத்தைப் பிடிக்காது, எண்ணெயைத்தான் பிடிக்கும்!

ஒட்டும் முறை

முதலில், கூரான இழைப்புளியால் பலகையைப் புதிதாகச் சீவ வேண்டும். சீவிய 24 மணி நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும் என்பது மரத்தொழில் அறிந்தவர்கள் சொல்லும் விதி. எண்ணெய் மரத்துக்கு அவ்வளவு நேரம்கூடத் தரக்கூடாது.

அடுத்து, சிலர் ரம்பப் பல்லால் நீளவாக்கில் லேசாகக் கீறி விடுகிறார்கள். பழைய துருக்கி வில்லாளர்களும் கொம்பையும் மரத்தையும் பல் வைத்த கருவியால் கீறித்தான் ஒட்டினார்கள்.

பிறகு, தூசியைத் தட்டிவிட்டு, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைக்க வேண்டும். நகப்பூச்சை அழிக்க உதவும் திரவம் இதுதான். துணியில் பழுப்பு நிறம் ஏறும். நிறம் ஏறுவது நிற்கும்வரை, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் பீடியும் பக்கத்தில் வரக்கூடாது! காற்றோட்டம் வேண்டும். இப்பே மரத்தூள் சிலருக்கு அரிப்பும் இருமலும் தரும். மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

துடைத்த இடத்தை விரலால் தொடக்கூடாது. கையிலும் எண்ணெய் இருக்கிறதே!

ஒரு சொட்டுத் தண்ணீர்

மரம் தயாரா? இதே போலச் சீவித் துடைத்த ஒரு துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவினால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால், மறுபடியும் சீவ வேண்டும்.

அசிட்டோன் உலர்ந்ததும் தாமதம் கூடாது. இரண்டு பக்கமும் எபாக்ஸிப் பசை தடவி, கிளாம்பு போட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். பசை நன்றாக இறுகும்வரை, குறைந்தது ஒரு நாளாவது, தொடாமல் விட வேண்டும்.

வீணாக்கக் கூடாத மரம்

இப்பே மெதுவாக வளரும் மரம். காடுகளில் இது வேகமாகக் குறைந்து வந்ததால், 2022-ல் உலக நாடுகள் கூடி, இதன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க முடிவு செய்தன. 2024 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நினைத்தபடி வெட்டி விற்க முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும்.

அப்படிப்பட்ட மரத்தை, சோம்பலால் ஒரு வில்லில் வீணாக்கலாமா? ஒட்டுவதற்கு முன் காட்டும் சிறிது கவனம், வில்லையும் காப்பாற்றும். வில் பிடித்தவர் கண்ணையும் காப்பாற்றும்!