ஒரே தெரு, மூன்று ‘கவர்மென்ட் உத்தியோகம்’: சம்பள உயர்வை யாரிடம் கேட்பது?

காலை எட்டரை மணிக்கு தாடிக்கொம்பு பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். திண்டுக்கல் - கரூர் ரோட்டில் வரும் அரசு பஸ்ஸின் டிரைவர், தபால் ஆபிஸ் திறக்கப் போகும் எழுத்தர், அரசுப் பள்ளிக்கு இறங்கும் டீச்சர். ஊர்க்காரர்களுக்கு மூணு பேருமே ‘கவர்மென்ட்’தான். ஆனா சம்பளம் பத்தலைன்னு கேட்கப் போனால், தட்ட வேண்டிய கதவு ஆளுக்கு ஒண்ணு.

டிரைவர் சட்டப்படி அரசு ஊழியரே கிடையாது. அரசுக்குச் சொந்தமான போக்குவரத்துக் கழகத்தின் தொழிலாளி. அதனால் தொழிலாளர் சட்டம் அவருக்கு உண்டு. அடிக்கடி செய்தியில் வரும் ‘12(3) ஒப்பந்தம்’ 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு. கையெழுத்தானால் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. ஸ்ட்ரைக்குக்கு 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்.

தபால் எழுத்தர் மத்திய அரசு ஊழியர். 1960-ல் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் ஸ்ட்ரைக் செய்தார்கள். பிறகு 1966-ல் ஜேசிஎம் எனப்படும் கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது. சம்பளம், வாராந்திர வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றில் பேச்சு முறிந்தால் நடுவர் குழுவுக்குப் போகலாம். ஆனால் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை முடிவு செய்வதும் முதலாளியான அரசேதான். 2023-ல் ஒரு பெரிய தபால் சம்மேளனத்தின் அங்கீகாரம் ரத்தானது.

இனி டீச்சர். சிக்கலே இவருக்குத்தான். நடத்தை விதிகள் 1973-ன் 22-வது விதி ஸ்ட்ரைக்கைத் தடை செய்கிறது. தபால் எழுத்தருக்கு இருக்கும் கட்டாய நடுவர் தீர்ப்பு இவருக்கு இல்லை. அமைச்சர்கள் குழு கூப்பிட்டுப் பேசும், அப்புறம் அரசாணை வரும். அரசாணை என்பது ஒப்பந்தம் அல்ல, போட்டவரே மாற்றலாம்.

2003 ஜூலையை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஸ்ட்ரைக்கில் இறங்கிய சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழக அரசு டிஸ்மிஸ் செய்தது. விசாரணை கிடையாது, விளக்க நோட்டீஸும் கிடையாது. ஆகஸ்ட் 6 அன்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு ஸ்ட்ரைக் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதே தீர்ப்பின் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை: நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி விதியை மீற மாட்டேன் என்ற உறுதியும் கொடுத்தவர்களில் பெரும்பாலானோரை மீண்டும் வேலைக்கு எடுக்க அரசு ஒப்புக்கொண்டது. மற்றவர்களின் விவகாரம் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவரிடம் போனது.

தடை இருந்தும் ஸ்ட்ரைக் நிற்கவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ மீண்டும் இறங்கியது. முக்கியக் கோரிக்கை, 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன். ஸ்ட்ரைக் தப்பா சரியா என்பது தனி விவாதம். ஸ்ட்ரைக் கூடாதுன்னா, அதுக்குப் பதிலா கட்டுப்படுத்தும் ஒரு மேசையாவது வேண்டாமா? அரசு ஊழியர்களின் பேச்சுவார்த்தை உரிமை பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 151-வது உடன்படிக்கை 1978-லேயே வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

ஆக, டீச்சருக்கு மிஞ்சுவது வழக்கு. திண்டுக்கல் மாவட்ட வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும். தாடிக்கொம்பிலிருந்து கிளம்பி, திண்டுக்கல்லில் பஸ் மாறணும்.