முதுமை அடையும் நாய்களும் அளவறிந்த உணவும்

தாயகத்தில் நாய் முற்றத்தின் காவலாளி. இரவில் படலையடியில் படுத்திருக்கும். பகலில் வளவெங்கும் ஒழுங்கையெங்கும் ஓடித் திரியும். வீட்டார் உண்டபின் எஞ்சிய சோறும் மீன்குழம்பும் அதன் உணவாக அமைந்தன. புலம்பெயர்ந்த வாழ்வில் இந்நிலை மாறிவிட்டது. இங்கு நாய் வீட்டினுள்ளேயே வாழ்கின்றது. குளிர்காலத்தில் வாரில் பிணைக்கப்பட்டுச் சிறிது தூரம் நடந்துவிட்டு, மீண்டும் சூடான அறைக்குத் திரும்புகின்றது. ஓட்டம் குறைந்துவிட்டது; உணவோ குறையவில்லை.

பிள்ளைகளின் விருப்பத்தினாலேயே நாய் பெரும்பாலும் வீட்டிற்குள் வருகின்றது. 8 வயதில் ஒரு பிள்ளை நாய்க்குட்டி ஒன்றைப் பெற்றால், அப்பிள்ளை 19 வயதில் உயர்நிலைப் பாடசாலையை முடிக்கும்போது அந்நாய்க்கு 11 வயதாகிவிடும். பிள்ளை வாழ்வைத் தொடங்கும் வேளையில் நாய் முதுமையில் நிற்கும். அவ்வேளையில் அதனை நலமாக வைத்திருப்பது எங்ஙனம் என்பது, நாய் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் சந்திக்கவேண்டிய வினாவாகும்.

அன்பை உணவினால் காட்டுவது எமது பண்பு. வந்த விருந்தினருக்கு "இன்னும் கொஞ்சம்" என்று பரிமாறியே பழகியவர்கள் நாம். ஆனால் நாயைப் பொறுத்தவரையில், அந்த "இன்னும் கொஞ்சம்" அதன் ஆயுளைக் குறைக்கக்கூடும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாய் எப்போது முதுமை அடைகின்றது?

நாயின் ஓர் ஆண்டு மனிதரின் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்று பலரும் கூறுவர். இது சரியான கணக்கு அன்று. நாய் தனது முதல் ஆண்டிலேயே மனிதரின் ஏறக்குறைய 15 ஆண்டு வளர்ச்சியை அடைந்துவிடுகின்றது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அது 24 வயது இளைஞரை ஒத்திருக்கும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் நான்கு அல்லது ஐந்து மனித ஆண்டுகளுக்குச் சமமாகின்றது.

உடலின் பருமனும் இதில் முக்கியமானது. விலங்குலகில் யானை போன்ற பெரிய இனங்கள் எலி போன்ற சிறிய இனங்களைவிட நீண்டகாலம் வாழ்கின்றன. நாய்களுக்கிடையிலோ இது தலைகீழாக உள்ளது. மிகப் பெரிய இன நாய்கள் ஆறு, ஏழு வயதிலேயே முதுமையின் அடையாளங்களைக் காட்டுகின்றன. சிறிய இன நாய்கள் பத்து வயதளவிலேயே அந்நிலையை அடைகின்றன.

குறைவாக உண்டவை கூடுதலாக வாழ்ந்தன

நாயின் உணவிற்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த மிகச் சிறந்த ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 48 லாப்ரடோர் நாய்க்குட்டிகள் தெரிவு செய்யப்பட்டு, ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு சோடியிலும் ஒரு நாய்க்கு வழக்கமான அளவு உணவும், மற்றைய நாய்க்கு அதே உணவில் 25 வீதம் குறைவாகவும் கொடுக்கப்பட்டது. அவை இறக்கும் வரையில் இம்முறை தொடர்ந்தது. முடிவுகள் 2002ஆம் ஆண்டு வெளியாகின.

வழக்கமான அளவு உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாக உண்டவற்றின் ஆயுள் 13 ஆண்டுகள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அதுமட்டுமன்று, மூட்டுவாத நோய்க்கு வைத்தியம் தேவைப்பட்ட காலமும் மெலிந்த நாய்களில் மூன்று ஆண்டுகள் வரை பின்தள்ளிப் போயிற்று. அதாவது அவை நீண்டகாலம் வாழ்ந்ததுடன், நோவின்றி நடந்தும் திரிந்தன. இவ்வாய்வினை நடத்தியது நாய் உணவு விற்கும் பியூரினா நிறுவனம் என்பது கவனிக்கத்தக்கது. உணவு விற்பவரே உணவைக் குறைத்தால் நன்மை என்று எடுத்துக்காட்டினர்.

12 இனங்களைச் சேர்ந்த 50,000க்கு மேற்பட்ட நாய்களின் வைத்தியப் பதிவுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் இதனையே உறுதிப்படுத்தியது. அந்த 12 இனங்களிலும், நடுத்தர வயதில் பருத்திருந்த நாய்களின் ஆயுள் குறைவாகவே காணப்பட்டது.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இது நாயைப் பட்டினி போடுவதன்று. அமெரிக்க ஆய்வில் குறைவாக உண்ட நாய்களே சரியான எடையில் இருந்தன. வழக்கமான அளவு உண்டவை சற்றுப் பருத்திருந்தன. ஆகவே ஏற்கெனவே மெலிந்துள்ள நாயின் உணவைக் குறைத்தல் தவறாகும்.

கையே அளவுகோல்

உங்கள் நாய் பருத்துள்ளதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மாணவர்களே, இதனை நீங்களே செய்து பார்க்கலாம். முதலில் உங்கள் கையைப் பொத்தி, விரல் மொழிகளின் மேல் மற்றைய கையின் விரல்களை ஓடவிடுங்கள். எலும்புகள் கூர்மையாகத் தெரியும். நாயின் விலாவைத் தடவும்போது இவ்வாறு இருந்தால் அது மிகவும் மெலிந்துள்ளது. அடுத்து உள்ளங்கையைத் தடவுங்கள். எலும்பு இலகுவில் அகப்படாது. விலா இவ்வாறு இருந்தால் நாய் பருத்துவிட்டது. இறுதியாகக் கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலின் கீழ் எலும்புகள் தட்டுப்படும். விலா இவ்வாறு இருப்பதே சரியான அளவு. மேலிருந்து பார்த்தால் நாய்க்கு இடை தெரியவும் வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள முதிய நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி போதுமானது. ஒரு துண்டுப் பாணும் அதன்மேல் வைக்கும் பழுப்பு நிறப் பாற்கட்டியும் சேர்ந்தால் 120 கலோரிக்குக் குறையாது. காலையில் மேசைக்கடியில் இரகசியமாகக் கொடுக்கும் அந்த ஒரு துண்டு, நாயின் முழுநாள் உணவில் ஏறத்தாழக் கால்பங்காகும். அப்பா ஒன்று, அம்மம்மா ஒன்று, தம்பி ஒன்று எனக் கொடுத்தால் என்னவாகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். இடையிடையே கொடுக்கும் சிற்றுண்டிகள் நாளுக்குரிய உணவில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சக்கூடாது என்பது மிருக வைத்தியர்களின் அறிவுரை. நாளுக்குரிய உணவைக் காலையிலேயே தராசில் நிறுத்து ஒரு பாத்திரத்தில் இட்டு, அதிலிருந்து மட்டுமே அனைவரும் கொடுப்பது நல்ல வழக்கம்.

சோறு கொடுக்கலாமா?

"ஊரில் நாய்கள் சோறு தின்றுதானே வாழ்ந்தன" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்வியில் நியாயம் உள்ளது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாய்களைவிட நாய்களில் மிகுதியாக உள்ளன என்று காட்டினர். மனிதரோடு வாழ்ந்து, மனிதரின் தானிய உணவில் பங்குகொண்டதனால் நாயின் உடல் மாறியது. ஆகவே நன்கு வேகவைத்த சோற்றை நாய் செரிக்கும். எனினும் சோறு மட்டும் நிறைவான உணவாகாது. புரதமும் கல்சியமும் ஏனைய ஊட்டங்களும் அதில் போதாது.

அத்துடன், எல்லா நாய்க்கும் ஒரே உணவு பொருந்தாது. இதற்கு நோர்வேயின் லுண்டெஹுண்ட் இனம் நல்ல எடுத்துக்காட்டாகும். லொபோத்தன் தீவுக்கூட்டத்தின் வாரோய் தீவில், பாறை இடுக்குகளில் வாழும் கடற்பறவைகளைப் பிடிப்பதற்கு இந்நாய்கள் பயன்பட்டன. இவற்றின் ஒவ்வொரு பாதத்திலும் குறைந்தது ஆறு விரல்கள் உண்டு. கடந்த நூற்றாண்டில் நோயினால் இவ்வினம் அழிவின் விளிம்பிற்குச் சென்று, எஞ்சிய மிகச் சில நாய்களிலிருந்து மீட்கப்பட்டது. அதன் விளைவாகக் குடல்நோய் ஒன்று பரம்பரையாகத் தொடர்கின்றது. அந்நோயுள்ள லுண்டெஹுண்டுக்குக் கொழுப்புக் குறைந்த உணவே பொருந்தும். ஆகவே உங்கள் நாயின் இனத்திற்குரிய குறைபாடுகளை மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

எமது சமையலறையில் உள்ள ஆபத்துகள்

எமது கறிகளின் உயிர் வெங்காயமும் உள்ளியும் ஆகும். இவ்விரண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. வேகவைத்தாலும் இந்நஞ்சு நீங்காது. எனவே கறிக்குழம்பு ஊற்றிய சோறு நாய்க்கு ஏற்றதன்று. திராட்சைப் பழமும், பாயசத்திலும் கேக்கிலும் நாம் இடும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சொக்லேற்றும் நஞ்சாகும், அதன் நிறம் கருமையாக இருக்குந்தோறும் ஆபத்து மிகும்.

பலர் அறியாத ஒன்று சைலிற்றோல். சீனியற்ற சூயிங்கம் பலவற்றில் இச்சுவையூட்டி உள்ளது. பொதிகளில் ஈ 967 என்ற இலக்கத்தாலும் குறிக்கப்படும். இது நாயின் இரத்தத்திலுள்ள சீனியின் அளவை விரைவாக வீழ்த்தி, ஈரலையும் பாதிக்கும். பாடசாலைப் பையில் கிடக்கும் ஒரு சூயிங்கம் பெட்டி சிறிய நாயொன்றின் உயிரைப் பறிக்கக்கூடும். இவற்றில் எதையேனும் நாய் உண்டுவிட்டால், அறிகுறி தெரியும்வரை காத்திராமல் மிருக வைத்தியருடன் உடனே தொடர்புகொள்ளல் வேண்டும்.

சமைத்த எலும்புகள் கூர்மையாகச் சிதறிக் குடலைக் கிழிக்கலாம். நத்தார்க் காலத்துப் பன்றி விலா இறைச்சி போன்ற கொழுப்பு மிகுந்த உணவு கணையத்தில் அழற்சியை ஏற்படுத்தலாம்.

முதிய நாயின் உணவு

வயது ஏற ஏற நாயின் அசைவு குறைகின்றது. தேவைப்படும் கலோரியும் குறைகின்றது. ஆயினும் புரதத்தின் தேவை குறைவதில்லை. முதிய நாய்கள் எல்லாவற்றுக்கும் புரதத்தைக் குறைக்கவேண்டும் என்று முன்னர் கருதப்பட்டது. இன்று அக்கருத்து கைவிடப்பட்டுள்ளது. தசை கரைந்துபோவதைத் தடுப்பதற்கு நல்ல புரதம் இன்றியமையாதது. சிறுநீரக நோயுள்ள நாய்க்கு மட்டும் வைத்தியரின் ஆலோசனைப்படி வேறு உணவு கொடுத்தல் வேண்டும். மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு மூட்டு நோவுக்கு ஓரளவு துணைபுரியும். அதன் அளவையும் வைத்தியரே கூறவேண்டும்.

முதிய நாய்க்கு மணமும் சுவையும் மங்கிப்போகலாம். உணவைச் சற்று இளஞ்சூடாக்கினால் மணம் எழும். ஒரே வேளையில் நிறையக் கொடுப்பதைவிட இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தல் நன்று. புதிய உணவுக்கு மாற்றும்போது ஒரு கிழமையளவில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். நாய்க்கெனச் செய்யப்பட்ட பற்பசையினால் பல் துலக்குங்கள். மனிதரின் பற்பசை அதற்கு ஆகாது.

நடையை நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நடைக்குப் பதிலாகக் குறுகிய நடைகள் பல வேண்டும். தெருக்களில் பனிக்காலத்தில் தூவும் உப்பு பாதங்களைப் புண்படுத்தும். வீடு திரும்பியதும் இளஞ்சூட்டு நீரில் கழுவுதல் வேண்டும். வழுக்கும் மரத்தரையில் ஒரு விரிப்பு இட்டால், மூட்டு நொந்த நாய் விழாமல் எழுந்து நடக்கும்.

மாதம் ஒருமுறை நாயை நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இப்பணியைப் பிள்ளைகளே செய்யலாம். உணவைக் குறைக்காமலே எடை குறைதல், வழக்கத்தைவிட மிகுதியாக நீர் அருந்துதல், இரவில் காரணமின்றி அலைதல் ஆகியன நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடல் ஆகாது.

நீண்ட ஆயுளும் நல்ல ஆயுளும்

போர்த்துக்கல் நாட்டின் பொபி என்ற நாய் உலகிலேயே அதிககாலம் வாழ்ந்தது என்று 2023ஆம் ஆண்டு கின்னஸ் நிறுவனம் அறிவித்தது. 31 வயதில் இறந்ததாகக் கூறப்பட்ட அந்நாய் மனிதரின் உணவையே உண்டது என்றும் சொல்லப்பட்டது. ஆனால் அதன் வயதுக்குப் போதிய சான்று இல்லை எனக் கண்டு, 2024ஆம் ஆண்டு கின்னஸ் நிறுவனமே அச்சாதனையை நீக்கிவிட்டது. ஆகவே ஒரு நாயின் கதையைக் கேட்டு உணவு முறையைத் தெரிவு செய்தல் அறிவுடைமை ஆகாது.

ஆயுளை எவ்வளவு நீட்டினாலும் ஒருநாள் முடிவு வரும். உண்ண விரும்பாமலும் எழ இயலாமலும் நோவினால் துன்புறும் நாயை, எமது பிரிவுத் துயருக்கு அஞ்சி வைத்திருப்பது அன்பாகாது. 2010ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நோர்வேயின் விலங்கு நலச் சட்டம், மனிதருக்கு உள்ள பயனைச் சாராமலே விலங்குக்குத் தன்னளவில் மதிப்பு உண்டு என்று கூறுகின்றது. இறுதி முடிவை எடுக்கும் வேளையில் நாயின் நலனையே முதலில் எண்ணவேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டியாகும். அதுபற்றிப் பிள்ளைகளுக்கு மறைக்காமல், அவர்களின் வயதுக்கு ஏற்ப உண்மையைக் கூறுதல் பெற்றோரின் கடமை.

திருக்குறளில் "மருந்து" என்னும் அதிகாரம் மூலிகைகளைப் பற்றிக் கூறவில்லை. பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே கூறுகின்றது. மனிதர் தம் அளவைத் தாமே அறியலாம். நாய்க்கு அந்த அளவை அறிந்து கொடுக்கவேண்டியவர் நாமே. வாலை ஆட்டிக்கொண்டு மேசையடியில் அது பார்க்கும்போது பாண் துண்டை எடுக்கும் கை, அதன் தலையைத் தடவிவிட்டு வாரை எடுத்து நடைக்கு அழைத்துச் செல்லட்டும். நாய் அதனையும் அன்பாகவே ஏற்றுக்கொள்ளும்.